யாருக்கும் தெரியக்கூடாது என்கிறார் கணவர்

வாசகி கடிதம்: எனக்கு வயது 44. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கணவர் வெளியூர் லாரி ஓட்டுகிறார். நான் கெப்போங்கில் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாகக் கிராணி. மகள் படிவம் 5, வருடக் கடைசியில் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதுகிறாள். மகன் தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு. இரண்டு வாரத்துக்கு முன் பொது மருத்துவமனையில் பயாப்சி முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் நிறையப் பேசினார், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் சி.டி. ஸ்கேன். அதுவரை ஏன் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது. ‘பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணும், யாருக்கும் தெரியக்கூடாது, பிள்ளைகளுக்கும் பரீட்சை முடியட்டும்’ என்கிறார் கணவர். கிள்ளானில் இருக்கும் நாத்தனாருக்கு மட்டும் தெரியும். அவர் ஆப்பரேஷன் வேண்டாம், மூலிகை இருக்கிறது என்கிறார். தூக்கம் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். செலவுக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

அன்புச் சகோதரி,

தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். புற்றுநோயாளிகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் பேசுவதே என் வேலை. நோயின் பயத்தைவிட அதை மறைத்து வைக்கும் பாரம்தான் முதல் சில வாரங்களில் பலரை உருக்குலைக்கிறது. உங்கள் கடிதத்திலும் அதுதான் தெரிகிறது. மறைப்பதைப் பற்றி விரிவாகப் பேசத்தான் போகிறேன். அதற்கு முன், உங்களை இரவில் விழிக்கவைக்கும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்களைச் சும்மா வைத்திருக்கவில்லை. பயாப்சியில் எடுத்த சதையில் இன்னும் சில சோதனைகள் நடக்கும். புற்றுநோய்ச் செல்லில் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹார்மோன் ஏற்பி இருந்தால் பல வருடங்களுக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடும் சிகிச்சை உண்டு. ஹெர்2 இருந்தால் அதற்கென்றே தனி மருந்துகள் உண்டு. நோய் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் முதலில் ஆப்பரேஷனா, அல்லது கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆப்பரேஷனா என்று தீர்மானிப்பார்கள். அவசரப்பட்டு வெட்டிவிட்டால் சிலருக்குச் சரியான வரிசை தப்பிப்போகும். பரிசோதனைகளுக்காகச் சில வாரங்கள் காத்திருப்பதால் பொதுவாக எதுவும் கெட்டுவிடுவதில்லை. அது மாதக்கணக்காக நீளக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கிளினிக்கை விட்டு வெளியே வரும்போதும் அடுத்த தேதி கையில் இருக்கட்டும். தேதி தள்ளிப்போனால் போன் செய்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை என்றீர்கள். ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கேட்ட பிறகு அந்த அறையில் பேசிய வேறு எதுவும் நினைவில் இல்லை என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. அதனால் அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். டாக்டரிடம் அனுமதி கேட்டு போனில் பதிவும் செய்துகொள்ளலாம். எந்த வகைப் புற்றுநோய், எந்தக் கட்டம், சிகிச்சையின் நோக்கம் முழுதாகக் குணப்படுத்துவதா, எத்தனை மாதம் ஆகும், வேலைக்குப் போக முடியுமா, இரவில் ஏதாவது ஆனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்றெல்லாம் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னது புரியவில்லையென்றால் தமிழ் பேசும் தாதி யாராவது இருக்கிறார்களா என்று கேட்கலாம். புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

இப்போது பிள்ளைகள்.

உங்கள் கணவரின் எண்ணத்தில் கெட்டது எதுவும் இல்லை. மகளின் பரீட்சையைக் காப்பாற்ற நினைக்கிறார். ஆனால் 17 வயதுப் பெண் அதே வீட்டில் இருக்கிறாள். அம்மா தூங்குவதில்லை, அப்பா வெளியே போய் நின்று போனில் மெதுவாகப் பேசுகிறார், மேசை மேல் இருந்த மருத்துவமனை அட்டை திடீரென்று மறைந்துவிட்டது. இவை எல்லாம் அவள் கண்ணில் படாமலா இருக்கும்? காரணம் தெரியாத பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளும். அது உண்மையைவிட மோசமாகவும் இருக்கலாம். அப்பாவும் அம்மாவும் பிரியப்போகிறார்கள் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கீமோ கொடுப்பதாக இருந்தால், பல கீமோ மருந்துகளில் முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். எஸ்.பி.எம். வரை மறைப்பது நடக்கிற காரியம் இல்லை. மாமா வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதா, உங்கள் வாயால் தெரிந்துகொள்வதா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

ஸ்கேன் முடிவு வந்து, சிகிச்சைத் திட்டம் ஓரளவு தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பே அவள் கேட்டுவிட்டால் அப்போதே சொல்லுங்கள். கணவர் லாரியோடு வெளியூரில் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு பேரும் உட்கார்ந்து சொல்வது நல்லது. பெரிய பேச்சு வேண்டாம். “அம்மா மார்புல ஒரு கட்டி இருந்துச்சு. டெஸ்ட் பண்ணதுல புற்றுநோய்ன்னு தெரிஞ்சிருக்கு. வைத்தியம் இருக்கு, ஆரம்பிக்கப்போறாங்க. கொஞ்ச மாசம் அம்மா களைப்பா இருப்பேன், முடி கொட்டலாம். டாக்டர் என்ன சொல்றாரோ அதை உன்கிட்ட மறைக்கமாட்டேன்.” இவ்வளவு போதும். “செத்துப்போயிடுவியாம்மா?” என்று கேட்டால் திட்டி அடக்காதீர்கள். “சீச்சீ, ஒண்ணும் ஆகாது” என்று சத்தியமும் செய்யாதீர்கள். “அப்படி ஆகக்கூடாதுன்னுதான் வைத்தியம் பார்க்கிறோம்” என்று சொல்லுங்கள். அது உண்மை. அவளுக்கும் அது போதுமானதாக இருக்கும்.

மகனுக்கு 10 வயது. அவனிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் ‘காய்ச்சல்’ என்று சமாளித்தால், நாளைக்குத் தனக்குக் காய்ச்சல் வரும்போது பயந்துவிடுவான். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, உங்களைக் கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள். தான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று இந்த வயதுப் பிள்ளைகள் மனதுக்குள் நினைப்பதுண்டு. அதனால் கேட்காவிட்டாலும் ‘யார் மேலேயும் தப்பு இல்ல’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அவனுக்கு முக்கியமான சங்கதி: பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், சாப்பாடு யார் போடுவார். அதற்கான பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருப்பார். அவரிடம் நிலைமையைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் அவள் சோர்ந்து உட்கார்ந்தால் காரணம் தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மகளிடம் சொல்வது வேறு, வீட்டுப் பொறுப்பை அவள் தலையில் கட்டுவது வேறு. நம் குடும்பங்களில் அம்மா படுத்துவிட்டால் சமையல், துணி, தம்பி எல்லாம் மூத்த பெண்ணிடம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். எஸ்.பி.எம். வருடத்தில் அது வேண்டாம். அவள் கேட்டு வாங்கிச் செய்கிற ஒன்றிரண்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரன் விஷயம். இந்தக் கவலையைத் தமிழ்க் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கிறேன். மார்பகப் புற்றுநோயில் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுவது பத்தில் ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். நாளைக்கு வரப்போகும் மாப்பிள்ளை வீட்டிலும் ஒரு அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ இது வந்திருக்கலாம். உங்களுக்கு 44 வயதிலேயே வந்திருப்பதால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் அம்மா, சித்தி, பாட்டி யாருக்காவது மார்பகத்திலோ கருப்பையிலோ, சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மகளிடம் இதை மறைத்தால், பின்னால் எந்த வயதில் தன்னைப் பரிசோதிக்கத் தொடங்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியாமல் போகும். அவளுடைய உடம்பைப் பற்றிய தகவல் இது. கல்யாணப் பேச்சுக்காக அதை மறைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. நம்பிக்கையான இரண்டு மூன்று பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள். கூடப் பிறந்தவரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, வேலையிடத்துத் தோழியோ. அழுதால் அழவிடுகிற ஒருவர், மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருவர், உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். எல்லோரும் உங்களுக்கே போன் செய்து விசாரிக்கத் தொடங்கினால் உங்கள் தெம்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பயத்தை மனைவியிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசாமல் இருப்பதை அவர் கோபம் என்றோ வெறுப்பு என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவமனைக் காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைப்பதையும், மருந்துகளைப் பார்த்துக்கொள்வதையும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிவு சொல்லும் நாளில் லோடு ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாத்தனார் எந்த மூலிகை என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே பெரும்பாலும் பெலாலாய் காஜா என்கிற சபா பாம்புப் புல்லோ டுரியான் பெலண்டா இலையோதான் கைமாறுகிறது. இரண்டுமே மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருந்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றி 2018இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் அபாயம், முறையான சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. சகோதரி, இதில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப்பில் அப்படி விளம்பரம் வந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். “அண்ணி, உங்க அக்கறை எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் எதையும் குடிப்பேன். எனக்கு வேற ஒரு உதவி செய்யுங்க, கீமோ அன்னைக்கு வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில்தான் பல பேர் மூலிகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாப்பாட்டில் மஞ்சள், மிளகு, ரசம் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். கேப்சூல், பொடி, கஷாயம் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், கீமோ மருந்தோடு அது மோதக்கூடும். கோயில், பிரார்த்தனை உங்களுக்குத் தெம்பு தந்தால் தாராளமாகப் போங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்து, அது கீமோ காலத்தில் வந்தால் மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அவ்வளவு கூட்டத்தில் கிருமித் தொற்று வந்தால் தாங்கும் நிலையில் அப்போது உங்கள் ரத்தம் இருக்காது. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

செலவு பற்றி: அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் ஒரு தடவை பார்க்க 5 வெள்ளிதான். கையிருப்பைத் தின்பது சில விலை உயர்ந்த மருந்துகள், போக்குவரத்து, வேலைக்குப் போக முடியாத நாட்கள். அதனால் முதல் வேலையாக மருத்துவமனையில் ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ எங்கே என்று கேட்டுப் போங்கள். அது மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு. டாக்டரிடமே அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட அவர்கள் வழி காட்டுவார்கள். உங்கள் குடும்பம் அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுகிறது என்றால், 40 வயதைத் தாண்டியவர் என்ற முறையில் பெக்கா பி40 என்ற சுகாதாரத் திட்டம் உங்களுக்கு உண்டு. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் அதில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போதே கேளுங்கள். 1994இல் தொடங்கிய மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்த புற்றுநோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பில் செஜாத்ரா கணக்கிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம், ஆனால் மற்ற கதவுகளைத் தட்டிவிட்டு அதற்குப் போங்கள். மெடிக்கல் கார்டோ காப்புறுதியோ இருந்தால் ஏஜண்டிடம் வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் அதற்கு மேலும் 60 நாள் உண்டு. உங்கள் ஏழு வருட சர்வீஸுக்கு இரண்டுமே பொருந்தும். மேலாளரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். பின்னால் வேலையே செய்ய முடியாத நிலை வந்தால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் அதற்கென ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. இப்போது அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

உங்களைப் போலவே இதைக் கடந்து வந்த ஒரு பெண்ணிடம் பேசுங்கள். நானோ டாக்டரோ கொடுக்க முடியாத ஆறுதல் அவரிடம் கிடைக்கும். முடி கொட்டியபோது என்ன செய்தீர்கள், வடு எப்படி இருக்கிறது, கணவரோடு அந்தரங்கம் என்ன ஆயிற்று என்றெல்லாம் கூச்சமில்லாமல் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986இலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது, அங்கே அப்படிப்பட்ட பெண்களைச் சந்திக்கலாம். உங்களுக்கு இன்னும் பக்கம், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கும் மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம். 1966இல் தொடங்கியது. ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையும் உண்டு. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். உங்களை புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பினாலும் மலைக்காதீர்கள், செந்தூல் பாராட்டிலிருந்து எம்.ஆர்.டி. ஒரே தடத்தில் புத்ராஜெயா சென்ட்ரல் வரை போகிறது.

‘தைரியமா இரு, தைரியமா இருந்தாத்தான் குணமாகும்’ என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அழுத நாளிலெல்லாம் ‘நான் அழுததால் நோய் கூடிவிடுமோ’ என்று பயப்பட வைத்துவிடும். பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், போராட்ட குணம் இருந்தவர்கள் அதனாலேயே அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. அழுகை உங்கள் சிகிச்சையைக் கெடுக்காது. ஆனால் பூஜ்யத்திலிருந்து பத்து வரை உங்கள் மன உளைச்சலுக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று வாரம் ஒரு தடவை உங்களையே கேளுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மனநல உதவி கேளுங்கள். தூக்கமின்மைக்கும் மருந்து, பயிற்சி எல்லாம் இருக்கிறது, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 15555 என்ற, சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மனம் உடைந்தவர்களோடு பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் போன் எடுக்கிறது.

இந்த வாரம் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஸ்கேன் அன்றைக்கும் முடிவு சொல்லும் அன்றைக்கும் உங்களோடு யார் வருகிறார் என்பதை மட்டும் இன்று முடிவு செய்யுங்கள். ஸ்கேன் நாளிலேயே, மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன் சமூகப் பணிப் பிரிவில் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளிடம் பேசிய பிறகு அவர்கள் ஏதாவது கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் போனால் எனக்கு எழுதுங்கள்.